மிதவை எடுக்கும் மாதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில், வெர்மான்ட், நியூயார்க் என்னும் இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது சாம்ப்ளேன் ஏரி. அதன் நீளம் சுமார் 120 மைல். அகலம் மிகுந்த இடத்தில் 12 மைல். ஆழம் மிகுந்த இடத்தில் ஏறக்குறைய 400 அடி. வடகோடியில் அது கனடா தேசத்துக்குள் புகுந்து, ரிஷெலியூ என்ற நதியாக வெளிப்பட்டு, ஸெயின்ட் லாரன்ஸ் மகாநதியில் சென்று கலக்கிறது. கிழக்கே பசுமலைத் தொடர்; மேற்கே அடிராண்டாக் மலைகள். இவ்விரண்டுக்கும் இடையில் யாரோ நீலப் பட்டாடை ஒன்றை உலரப் போட்டு, எடுத்து மடிக்க மறந்துபோனது போல் அந்த ஏரி காட்சியளிக்கிறது.

அக்டோபர் மாதத்தில் இந்தப் பிரதேசத்துக்கு யாத்திரிகர் கூட்டம் அதிகம். மேப்பிள் மரங்களின் இலைகள் உதிர்வதற்கு முன் சிவப்பும் பொன்னிறமுமாக மாறி மலைச் சரிவுகளை நிறைத்து நிற்கும் காட்சியைக் காண்பதற்காகவே அவர்கள் வருகிறார்கள். அந்த அழகைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். நாம் இங்கே சொல்லப் போவது அதே மாதத்தில், அதே ஏரியில் நடைபெறும் வேறொரு காரியத்தைப் பற்றி. அதைப் படம் பிடிக்க ஒருவரும் ஓடி வருவதில்லை. கோடைகாலம் முழுவதும் ஏரியின் மேல் மிதந்து கொண்டிருந்த மஞ்சள் நிற மிதவைகளை அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். அந்த மிதவை ஒவ்வொன்றின் அருகிலும், நீரின் அடியில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது.

நீர்வழிச் சாலை

ஏரிக்குள் கப்பல் எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நல்ல சாலைகள் இல்லாத காலத்தில் இந்த ஏரிதான் அந்தப் பிரதேசத்தின் ராஜபாட்டை. அபெனாக்கி, மோஹாக் முதலிய பூர்வகுடி மக்கள் எத்தனையோ தலைமுறைகளாக இதில் படகு விட்டு வந்தார்கள். 1609-ஆம் வருஷத்தில் ஸாமுவேல் த சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் வேறு பூர்வகுடி மக்களின் வழிகாட்டுதலில் இங்கே வந்து சேர்ந்து, தம் பெயரை ஏரிக்கு விட்டுச் சென்றார். பிறகு பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காகப் போராடினார்கள். அமெரிக்கர் தங்கள் சுதந்திரத்துக்காக ஆங்கிலேயரை எதிர்த்து நின்றபோது, 1776 அக்டோபர் 11-ந் தேதி, வால்கூர் தீவின் அருகே இந்த ஏரியில் ஒரு கடற்போர், அதாவது ஏரிப்போர், நடந்தது.

யுத்தங்கள் ஓய்ந்தபின் வியாபாரம் வந்தது. 1823-ல் சாம்ப்ளேன் கால்வாய் திறக்கப்பட்டு, ஏரிக்கும் ஹட்ஸன் நதிக்கும் தொடர்பு ஏற்பட்டது. வடக்கேயுள்ள காட்டு மரமும், சலவைக் கல்லும், இரும்புக் கனியும் நியூயார்க் நகரம் வரையில் நீர் வழியாகவே போகலாயின. இதற்கென்று அந்த ஊர்த் தச்சர்கள் ஒரு விசித்திரமான படகைக் கட்டினார்கள். ஏரியில் அது பாய் விரித்துக் காற்றில் ஓடும். கால்வாயின் வாயிலை அடைந்ததும் பாய்மரத்தைக் கழற்றி மடக்கி வைத்துவிட்டு, கரையில் செல்லும் குதிரை அல்லது கோவேறு கழுதை இழுக்க, ஒடுங்கிய கால்வாய்க்குள் அடக்கமாகப் போகும். ஒரே சரக்கை இரண்டு முறை ஏற்றி இறக்கும் தொல்லை இதனால் ஒழிந்தது.

கப்பல் ஓடும் இடத்தில் கப்பல் மூழ்குவதும் உண்டு. புயலில் சில, நெருப்பில் சில, முதுமையில் சில என்று இந்த ஏரியின் அடியில் சுமார் முந்நூறு மரக்கலங்கள் கிடப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவற்றுள் பல இன்றும் கட்டுக்குலையாமல் இருக்கின்றன. கடல்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் ஒருவகைப் புழு உண்டு. நன்னீரில் அது வாழாது. போதாததற்கு, ஏரியின் அடியில் வெளிச்சம் மிகக் குறைவு. குளிர் மிக அதிகம். மரத்தை அரிக்கும் நுண்ணுயிர்கள் அங்கே மெதுவாகவே வேலை செய்கின்றன. ஆகையால் நூறு, இருநூறு வருஷத்துக் கப்பல்கள் நேற்று நங்கூரம் பாய்ச்சியவை போல உட்கார்ந்திருக்கின்றன.

மூன்று கப்பல்களின் கதை

வெர்மான்ட் ராஜ்யத்தின் மிகப் பெரிய ஊர் பர்லிங்டன். ஏரிக் கரையில், மலைச் சரிவில் அமைந்த அழகான ஊர். அதன் துறைமுகத்தைக் காக்க நீருக்குள் நீளமாக ஓர் அலைதடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் தென்கோடியில், சுமார் 40 அடி ஆழத்தில், 'ஜெனரல் பட்லர்' கிடக்கிறது. 1862-ல் கட்டப்பட்ட, 88 அடி நீளமுள்ள பாய்மரக் கால்வாய்ப் படகு அது.

1876 டிசம்பர் 9-ந் தேதி, சலவைக் கல் பாரத்துடன் அது பர்லிங்டனை நோக்கி வந்தது. தலைவர் வில்லியம் மாண்ட்கோமரி. அவருடைய வேலையாள் ஒருவர். அவருடைய இளம் பெண். அந்தப் பெண்ணின் தோழி. கல்லுடைப்பில் காயம்பட்டு வைத்தியத்துக்காக வந்த ஒருவர். ஆக ஐந்து பேர். துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் புயல் சூழ்ந்தது. சுக்கான் இயந்திரம் முறிந்தது. நங்கூரம் பாய்ச்சியும் படகு நிற்கவில்லை. சுவரை நோக்கித் தள்ளுண்டு போயிற்று. மாண்ட்கோமரி ஒரு கட்டையைச் சங்கிலியால் சுக்கான் தண்டோடு பிணைத்து, நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு, சுவரைச் சுற்றித் துறைக்குள் நுழைந்துவிடலாமென்று கடைசி முயற்சி செய்தார். முடியவில்லை. படகு சுவரில் மோதிற்று. அலை படகைத் தூக்கிச் சுவரின்மேல் அறையும் ஒவ்வொரு தடவையும், அந்தக் கணத்தைப் பார்த்துக் காத்திருந்து, ஒருவர் பின் ஒருவராகப் பனி படர்ந்த சுவரின்மேல் குதித்தார்கள். தலைவர் கடைசியில் குதித்தார். அவர் கால் சுவரில் பட்டதும் படகு மூழ்கிவிட்டது.

ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. நனைந்த உடையுடன் அந்தக் குளிரில் சுவரின்மேல் அவர்கள் நெடுநேரம் உயிர் தரித்திருக்க முடியாது. கரையில் கப்பல் சாமான் வியாபாரம் செய்து கொண்டிருந்த ஜேம்ஸ் வேக்ஃபீல்டு என்பவர் இதைப் பார்த்தார். தம் மகனையும் அழைத்துக்கொண்டு, 14 அடி நீளமுள்ள ஒரு துடுப்புப் படகில் அந்தப் புயலுக்குள் புகுந்தார். ஐந்து பேரையும் உயிருடன் கரை சேர்த்தார். தகப்பனும் மகனும் துடுப்புப் போட்ட அந்தச் சில நிமிஷங்களுக்கு அந்த ஊர் சரித்திரத்தில் இன்றும் இடம் உண்டு.

பட்லருக்குச் சற்றுத் தள்ளி, சுமார் 50 அடி ஆழத்தில், இன்னொரு விசித்திரம் இருக்கிறது. அதற்குப் பெயர் கூடத் தெரியவில்லை. 1983-ல் ஒலியலைக் கருவியால் ஏரியின் அடித்தரையைச் சோதித்தபோது அகப்பட்டது. 63 அடி நீளமுள்ள ஒரு பரிசல்துறைப் படகு. அதை ஓட்டியது நீராவியுமல்ல, காற்றுமல்ல, குதிரை! படகின் தளத்துக்குக் கீழே ஒரு பெரிய மரச் சக்கரம் படுக்கை வாட்டமாகக் கிடக்கிறது. தளத்தின் இரு புறமும் உள்ள திறப்புகளில் குதிரைகள் நின்று, அந்தச் சக்கரத்தின்மேல் நடக்கும். அவை நடந்தாலும் இருந்த இடத்தை விட்டு நகர மாட்டா. காலடியில் சக்கரம் சுழலும். சக்கரத்தோடு இணைந்த பல்சக்கரங்கள் படகின் பக்கத்துத் துடுப்புச் சக்கரங்களைத் திருப்பும். நமது செக்கு மாடு சுற்றி வந்து எண்ணெய் எடுக்கிறது. அந்தக் குதிரை நின்றபடியே நடந்து ஏரியைக் கடந்தது. இத்தகைய படகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பல இடங்களில் ஓடின. புத்தகங்களில் படம் மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில் இந்த ஒன்று முழுமையாக வெளிப்பட்டது.

மூன்றாவது கப்பல் 'ஃபீனிக்ஸ்'. 1815-ல் நீரில் இறக்கப்பட்ட நீராவிக் கப்பல். 1819 செப்டம்பர் 4-ந் தேதி இரவு புறப்பட்டு, நடு ஏரியில் தீப்பற்றிக் கொண்டது. தலைவர் ஷெர்மன் நோயுற்றுக் கரையில் இருந்தபடியால், அவருடைய இருபத்தொரு வயது மகன் ரிச்சர்ட் கப்பலை நடத்தி வந்தார். கப்பலில் இருந்த 46 பேரில் ஆறு பேர் இறந்தார்கள், மற்றவர்கள் தப்பினர். கரிந்துபோன அதன் அடிப்பாகம், பாறைத் திட்டு ஒன்றின் சரிவில், 60 அடியிலிருந்து 110 அடி ஆழம் வரையில் சாய்ந்து கிடக்கிறது.

நண்பர்களே எதிரிகள்

முக்குளிக்கும் கருவிகள் பெருகி, முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு எவரும் நீருக்குள் இறங்கலாம் என்ற நிலை வந்தபோது, இந்தக் கப்பல்களுக்குப் புதிய ஆபத்து வந்தது. ஆபத்தைக் கொண்டு வந்தவர்கள் பகைவர்களல்லர். அவற்றைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த நண்பர்களே!

படகில் வருகிறவர்கள் கப்பலுக்கு நேர் மேலே நங்கூரம் போடுவார்கள். நங்கூரம் கப்பலின் தளத்தில் விழும். அல்லது அடித்தரையில் விழுந்து, படகு காற்றில் ஆடும்போது இழுபட்டு, பக்கப் பலகையில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். நூறு வருஷம் புயலும் பனியும் தொடாத பலகையை, விடுமுறை நாளில் உல்லாசமாக வந்தவரின் நங்கூரம் ஒரு நொடியில் பெயர்த்துவிடும். அவர் வேண்டுமென்று செய்ததல்ல. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு வெர்மான்ட் சர்க்கார் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, எவரும் இறங்கக் கூடாதென்று தடை போடுவது. மற்றொன்று, இறங்குவதற்கு ஒரு நல்ல வழி செய்து கொடுப்பது. 1985-ல் அவர்கள் இரண்டாவது வழியை மேற்கொண்டார்கள். கப்பலுக்குச் சற்று விலகி, அடித்தரையில் கனமான பாரக்கல் ஒன்றை இறக்கினார்கள். அதிலிருந்து சங்கிலி, சங்கிலியின் மேல் முனையில் மஞ்சள் மிதவை. வருகிற படகு நங்கூரம் போட வேண்டாம். மிதவையில் கயிற்றைக் கட்டினால் போதும். முக்குளிப்பவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாரக்கல் வரையில் இறங்கி, அங்கிருந்து கப்பல் வரையில் கட்டப்பட்ட கயிற்றைப் பற்றிச் சென்று, பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு மிதவையில் ஒரு சமயத்தில் ஒரு படகுதான் கட்டலாம். முன் வந்தவர்க்கு முதல் இடம். எதையும் தொட்டு எடுக்கக் கூடாது.

நமக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த அம்சம், அதில் போலீஸ்காரர் இல்லாமையே. நீருக்கடியில் ஐம்பது அடி ஆழத்தில் யார் காவல் நிற்பது? நல்ல வழி ஒன்று எளிதாகக் கிடைத்தால், பெரும்பாலான மனிதர்கள் கெட்ட வழியைத் தேடிப் போவதில்லை என்ற நம்பிக்கையே அங்கே காவல். 1988-ல் அமெரிக்கக் காங்கிரஸும் ஒரு சட்டம் இயற்றி, கைவிடப்பட்டு ராஜ்யங்களின் நீர்நிலைகளில் புதைந்து கிடக்கும் கப்பல்கள் அந்தந்த ராஜ்யத்துக்கே உரியவை என்று தீர்மானித்தது. கண்டெடுத்தவன் சொத்து என்ற பழைய பேச்சு அதோடு ஒழிந்து, அவை பொது ஜனங்களின் சொத்தாயின. இப்போது சுமார் பத்துக் கப்பல்களுக்கு இத்தகைய மிதவைகள் உண்டு. சாம்ப்ளேன் ஏரிக் கப்பற்கலை அருங்காட்சியகத்தார் அவற்றைப் பராமரித்து வருகிறார்கள்.

பனிக்கட்டியின் கணக்கு

அப்படியானால், இவ்வளவு நன்மை செய்யும் மிதவைகளை ஏன் எடுக்க வேண்டும்? குளிர்காலத்தில் முக்குளிப்பவர் இல்லையென்றாலும், அவை பாட்டுக்கு மிதந்து கொண்டிருந்தால் என்ன? கரையில் நின்ற படகோட்டி ஒருவரிடம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டோம். அவர் சிரித்தார்.

"ஐயா, இப்போது அது கப்பலைக் காக்கிறது. ஜனவரியில் விட்டு வைத்தால், அதே கப்பலை அதுவே உடைக்கும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிற பழக்கம் நம்மை எங்கும் விடுவதில்லை. ஆகவே இதைச் சற்று விளக்கிச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் நான்கு டிகிரி செண்டிகிரேட் வரையில் மட்டுமே. அதற்குக் கீழே குளிர்ந்தால் அது மறுபடி விரிந்து இலேசாகிறது. ஆகையால் இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கி, கடைசியில் ஏரி முழுவதும் நான்கு டிகிரியை அடைகிறது. அதன்பிறகு இன்னும் குளிரும் நீர் மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது. உறையும்போது சுமார் பதினொன்றில் ஒரு பங்கு விரிவதால் பனிக்கட்டி மிதக்கிறது. அடியில் உள்ள நீர் உறைவதில்லை. மீன்களும் பிழைக்கின்றன, மூழ்கிய கப்பல்களும் பிழைக்கின்றன. தண்ணீருக்கு மட்டும் இந்தக் குணம் இல்லாதிருந்தால் ஏரி அடியிலிருந்து உறைந்து, கப்பல்களை நெருக்கிப் பொடியாக்கியிருக்கும்.

அபாயம் எல்லாம் மேல் மட்டத்தில்தான். ஒரு கன அடி பனிக்கட்டியின் எடை சுமார் 57 ராத்தல். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரே ஓர் அடி தடிப்புள்ள பனிக்கட்டி ஓர் ஏக்கர் பரப்பில் இருந்தால், அதன் எடை ஆயிரத்து நூறு டன். மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். மிதவை நீரின் மேல் இருந்தால் இந்தப் பனிக்கட்டி அதைச் சுற்றிலும் உறைந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். வசந்த காலத்தில் பனிக்கட்டி உடைந்து, பல ஏக்கர் அகலமுள்ள பாளங்களாகக் காற்றில் நகரத் தொடங்கும். அப்போது மிதவையும் போகும், மிதவையோடு சங்கிலி, சங்கிலியோடு பாரக்கல். அந்தக் கல் இழுபடும் பாதையில் கப்பல் இருந்தால் அதன் கதி என்னவாகும்? ஆயிரம் நங்கூரங்கள் சேர்ந்து செய்ய முடியாத சேதத்தை அந்த ஒன்று செய்துவிடும்.

இதனாலேயே இலை உதிரும் மாதத்தில் மிதவையை எடுக்கிறார்கள். வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும், செய்வதற்கு எளிதல்ல. படகு மிதவையின் அருகே போய் நின்று, கொக்கியால் அதைப் பற்றும். முக்குளிப்போர் இருவராகச் சேர்ந்து இறங்குவார்கள். தனியாக ஒருவர் இறங்குவது வழக்கமில்லை. போகிற வழியிலேயே சங்கிலியின் வளையங்களைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். கோடை முழுவதும் அலை ஆட்டி ஆட்டி, வளையத்தோடு வளையம் உராய்ந்து தேய்ந்திருக்கும். தேய்ந்த வளையத்தை இப்போது கண்டுகொண்டால் மாற்றலாம். அடுத்த வருஷம் ஒரு படகு கட்டியிருக்கும் சமயத்தில் அது அறுந்தால் என்ன செய்வது? பிறகு இணைப்பு வளையத்தின் திருகாணியைக் கழற்ற வேண்டும். தானாகக் கழன்றுவிடாதிருக்க அதைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். தடித்த கையுறை, குளிர்ந்த விரல்கள், கலங்கிய நீர். கரையில் ஒரு நிமிஷத்தில் முடியும் முடிச்சு அங்கே கால் மணி நேரம் பிடிக்கும். கழன்றதும் மேலே இருப்பவர்கள் இராட்டினத்தால் சுற்றி இழுப்பார்கள். பாரக்கல் மட்டும் தன் இடத்திலேயே இருக்கும். அதன் இடத்தைக் குறித்து வைத்துக் கொள்வார்கள். வசந்தத்தில் அதைத் தேடிப் பிடித்து மீண்டும் சங்கிலி பூட்ட வேண்டுமல்லவா?

படகின் தளத்தில் வந்து கிடக்கும் மிதவையைப் பார்த்தால் அதுதான் ஏரியில் மிதந்த மஞ்சள் அழகு என்று சொல்ல முடியாது. நீருக்குள் இருந்த பாதியில் பச்சைப் பாசி; பாசியின் மேல் சுண்டுவிரல் நகமளவு சிப்பிகள், வரிவரியாக. கரைக்குக் கொண்டு வந்து சுரண்டி, கழுவி, உலர்த்திக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். அப்படி அடுக்கியிருந்த காட்சி, திருவிழா முடிந்தபின் மண்டபத்தில் சாத்தி வைத்த வாகனங்களை நமக்கு நினைவூட்டியது.

மூழ்கடித்துக் காப்பாற்றியவர்கள்

குளிர்காலத்துக்கு முன் நீரின் மேலுள்ளதை அப்புறப்படுத்தும் வழக்கம் இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. சாம்ப்ளேனுக்குத் தெற்கே, அதில் வந்து வடியும் ஜார்ஜ் ஏரி என்ற சிறிய ஏரி உண்டு. 32 மைல் நீளம். 1758-ல் ஆங்கிலேயர் ஒரு பெரிய சேனையை அந்த ஏரி வழியாகக் கொண்டு சென்று, டைகாண்டரோகாவில் பிரெஞ்சுக்காரரின் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார்கள். குளிர்காலம் நெருங்கிற்று. ஏரியின் தென்கரையில் இருந்த அவர்களுடைய கோட்டை முந்தின வருஷமே அழிந்துபோயிற்று. படகுகளைக் கரையில் விட்டுச் சென்றால் பிரெஞ்சுக்காரர் வந்து கொளுத்திவிடுவார்கள். ஆகவே நூற்றுக்கணக்கான படகுகளில் கல்லை நிரப்பி அவர்களே ஏரியில் மூழ்கடித்தார்கள், வசந்தத்தில் எடுத்துக் கொள்ளலாமென்று!

மறு வருஷம் பலவற்றை எடுத்தும் விட்டார்கள். ஆனால் 'நில ஆமை' என்று பெயரிட்ட ஒரு பெரிய பீரங்கிப் படகு, அவர்கள் எண்ணியதைவிட ஆழத்தில் சென்று அமர்ந்துவிட்டது. 52 அடி நீளம், ஏழு பக்கங்கள், பக்கச் சுவர்கள் ஆமை ஓட்டைப் போல உள்நோக்கிச் சாய்ந்தவை. 1990 ஜூன் மாதத்தில், 107 அடி ஆழத்தில், அதைக் கண்டுபிடித்தார்கள். 232 வருஷம் அது காத்திருந்தது. அங்கேயும் இப்போது கோடைகாலத்தில் மிதவை. குளிர்காலத்தில் வெறும் நீர்.

எடுத்தால் என்ன?

இவ்வளவு சிரமம் எதற்கு, கப்பல்களையே மேலே எடுத்து மண்டபம் கட்டி வைத்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. வால்கூர் போரில் மூழ்கிய 'ஃபிலடெல்ஃபியா' என்ற பீரங்கிப் படகை 1935-ல் லோரென்ஸோ ஹாக்லண்ட் என்பவர் மேலே எடுத்தார். அதை மூழ்கடித்த இரும்புக் குண்டு அதன் பலகையிலேயே சிக்கியிருந்தது. இன்று அது வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது; தேசத்தின் பொக்கிஷமாகப் போற்றப்படுகிறது. ஆனால் எல்லாக் கப்பலுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டாது. 1814-ல் பிளாட்ஸ்பர்க் போரில் ஈடுபட்ட 'டைகாண்டரோகா' என்ற கப்பலின் உடலை 1958-ல் வொயிட்ஹால் என்ற ஊரில் மேலே எடுத்தார்கள். அதில் எஞ்சியது ஒரு கொட்டகையின் கீழே வைக்கப்பட்டது.

காரணம் இதுதான். பல காலம் நீரில் ஊறிய மரத்தின் உள்ளணுக்களில் மரச்சத்துக் கரைந்துபோய், அந்த இடத்தில் தண்ணீர் நின்று மரத்துக்கு உருவம் கொடுத்துக் கொண்டிருக்கும். வெளியே எடுத்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகும். மரம் சுருங்கி, முறுக்கி, வெடிக்கும். இதைத் தடுக்க வேண்டுமானால் தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு போன்ற ஒரு பொருளை வருஷக்கணக்காக ஊற வைக்க வேண்டும். ஸ்வீடன் தேசத்தார் 1961-ல் எடுத்த 'வாஸா' என்ற கப்பலுக்கு 17 வருஷம் அவ்வாறு தெளித்துக் கொண்டிருந்தார்கள். ஒரு கப்பலுக்கு இவ்வளவு செலவானால் முந்நூறு கப்பலுக்கு என்ன செய்வது? வால்கூர் போரில் ஈடுபட்ட மற்றொரு படகான 'ஸ்பிட்ஃபையர்' 1997-ல் ஏரியின் ஆழத்தில், பாய்மரம் நிமிர்ந்தபடியே, கண்டுபிடிக்கப்பட்டது. அதை அவர்கள் எடுக்கவில்லை. அதற்கு மிதவையும் வைக்கவில்லை. இருக்கும் இடத்தையும் வெளியிடவில்லை. ஏரியே அதற்குத் தக்க மண்டபம் என்று விட்டிருக்கிறார்கள்.

கப்பலை எடுக்காமலே அதன் வித்தையை மீட்டுக் கொள்ளவும் வழி உண்டு. முக்குளிப்போர் அளந்து வரைந்த படங்களைக் கொண்டு, 'ஜெனரல் பட்லர்' வகையைச் சேர்ந்த ஒரு புதிய கால்வாய்ப் படகை பர்லிங்டனில் கட்டி 2004-ல் நீரில் இறக்கினார்கள். அது பல வருஷம் ஏரியிலும் கால்வாயிலும் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிற்று.

சிப்பியும் வெப்பமும்

ஆனாலும் ஏரியின் காவல் முன்போல் உறுதியாக இல்லை. மிதவையில் ஒட்டியிருந்த வரிச் சிப்பியைச் சொன்னோமே, அது இந்த ஏரியின் பிறவியல்ல. கருங்கடல், காஸ்பியன் கடல் பிரதேசத்திலிருந்து கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு அமெரிக்காவுக்கு வந்தது. 1993-ல் சாம்ப்ளேன் ஏரியில் காணப்பட்டது. கெட்டியான எந்தப் பொருளின் மேலும் அது அடுக்கடுக்காகப் படரும். மரக் கப்பலின் மேல் படர்ந்தால் அதன் வேலைப்பாடு மறைகிறது, பாரம் ஏறுகிறது, ஆணிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. ஆணி போனால் பலகை நிற்பது எங்ஙனம்? இதற்கு அஞ்சியே, எஞ்சிய கப்பல்களையாவது மறையுமுன் பதிவு செய்துவிட வேண்டுமென்று, 1996 முதல் ஏரியின் அடித்தரை முழுவதையும் ஒலியலைக் கருவியால் அளந்தார்கள்.

குளிர்காலமும் மாறி வருகிறது. சாம்ப்ளேன் ஏரி எந்த நாளில் முழுவதும் உறைந்தது என்று 1816 முதல் குறித்து வைத்திருக்கிறார்கள். முற்காலத்தில் உறையாத வருஷம் அபூர்வம். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நடு ஏரி உறையாமலே கழியும் வருஷங்கள் பெருகிவிட்டன. அப்படியானால் மிதவையை விட்டுவைக்கலாமே என்று வாதிப்பவர்கள் இருக்கலாம். விரிகுடாக்களும் துறைமுகமும் இன்றும் உறைகின்றன. உடைந்த பாளங்கள் இன்றும் காற்றில் நகர்கின்றன. எந்த வருஷம் பனி வரும், எந்த வருஷம் வராது என்று அக்டோபரில் யாராலும் சொல்ல முடியாது. ஆகையால், பனி வந்தாலும் வராவிட்டாலும், மிதவையை எடுத்தே ஆக வேண்டும்.

பொதுச் சொத்தைக் காப்பதென்றால் பெரிய கட்டிடமும், கல்வெட்டும், திறப்பு விழாவும் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே விழா ஒன்றுமில்லை. வசந்தத்தில் வைக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் எடுக்க வேண்டும். வளையம் தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்த வருஷமும் அதையே செய்ய வேண்டும். ஒரு வருஷம் ஒருவர் சோம்பினால் போதும், நூற்றைம்பது வருஷத்துக் கப்பல் ஒரு பனிப்பாளத்துக்குப் பலியாகும். வீட்டில் விளக்குத் திரியை நாள்தோறும் திருத்தி வைக்கும் நம் பெண்மணிகளுக்கு இந்த வேலையின் தன்மை நன்றாகப் புரியும்.

நவம்பர் பிறந்ததும் பர்லிங்டன் துறையில் காற்று கடுமையாக வீசத் தொடங்குகிறது. உல்லாசப் படகுகள் கரையேறிவிடுகின்றன. ஏரியின் மேல் ஒரு மஞ்சள் புள்ளியும் இல்லை. குதிரைப் படகு எங்கே, பட்லர் எங்கே என்று புதியவர் எவரும் சுட்டிக் காட்ட முடியாது. கீழே, நான்கு டிகிரி குளிரில், மரச் சக்கரமும் சுக்கான் தண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, சங்கிலி இல்லாத பாரக்கல், வசந்தத்தில் இறங்கி வரப்போகும் கையை எதிர்நோக்கிக் கிடக்கிறது.